தெரிந்தவர்களை நம்பித் தொடங்கிய வீட்டுப் பயிற்சிக்கூடம்: கோவையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் கோவையில் மருதமலை சாலையை ஒட்டிய ஒரு பகுதியில் வசிக்கும் பெண். வயது முப்பதுகளின் நடுவில். ஒரு ஜிம்மில் ஆறு வருடம் பெண்கள் பகுதிப் பயிற்சியாளராக இருந்தார். 2023 ஜூனில் அந்த வேலையை விட்டுவிட்டு, குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்னறையிலேயே பெண்களுக்குப் பர்சனல் டிரெய்னிங் கொடுக்க ஆரம்பித்தார். நான் அதே பகுதியில் பிசியோதெரபிஸ்ட். சிகிச்சை முடிந்து, இனி உடற்பயிற்சிதான் தேவை என்ற நிலையில் இருப்பவர்களை அவரிடம் அனுப்பிவந்ததால் 2025 இறுதிவரை நடந்ததைக் கிட்டத்தில் இருந்து பார்க்க முடிந்தது. கணக்கு நோட்டையும் காட்டினார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யார் என்று தெரியாமல் இருக்கச் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஜிம்மில் சம்பளம் 16,000 ரூபாய். தனிப்பயிற்சிக்கு வருகிறவர் மாதம் 6,000 கட்டினால் அதில் 40 சதவீதம் இவருக்கு. ஆனால் தனிப்பயிற்சிக்கு ஆள் கிடைப்பது மாலை நேரத்தில்தான். வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை, மாமனார், பம்ப் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கணவர். இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புவதுதான் வேலையை விட்டதற்கு முக்கியக் காரணம். ஃபிட்னஸ் டிரெய்னர் நான்காம் நிலைச் சான்றிதழும் முதலுதவிப் பயிற்சியும் ஏற்கெனவே கையில் இருந்தன. தொழிலைத் தெரிந்தவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

முதலீடு

முதலீடு முழுக்க ஏலச்சீட்டு எடுத்த பணம், கிட்டத்தட்ட 40,000. கடன் வாங்கவில்லை. அறை 12-க்கு 14 அடி. தரைக்கு ரப்பர் மேட், இரண்டு கிலோவில் இருந்து பத்து கிலோ வரை ஐந்து ஜோடி டம்பெல், ரெசிஸ்டன்ஸ் பேண்டுகள், ஒரு கெட்டில்பெல், ஒரு பெஞ்ச், ஸ்டெப்பர், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. டம்பெல்லைக் கிலோ கணக்கில் விற்பதால் தேவைக்கு மேல் வாங்கினால் காசு இரும்பில் முடங்கிவிடும். இதைக் கணக்குப் போட்டுத்தான் வாங்கினார்.

ஒரே ஒரு விஷயத்தில் வீட்டில் வாக்குவாதம் வந்தது: டிரெட்மில். அது இல்லாவிட்டால் ஜிம் மாதிரியே தெரியாது, தவணையில் எடுத்துவிடலாம் என்றார் கணவர். இவர் மறுத்தார். கீழ்வீட்டில் ஓனர் குடியிருக்கிறார், அதிர்வு இறங்கும். அறையில் கால்வாசி இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். தவிர, வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். முதல் பாதிக்கு வெளியே நடந்தால் போதும். சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படுவது இரண்டாவது பாதிக்குத்தான். வாரம் மூன்று நாள் வலுப் பயிற்சி இங்கே, நடை அவரவர் பொறுப்பு என்று திட்டம் போட்டார். மொத்தத் தொழிலிலும் மிகத் தெளிவாக எடுத்த முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

பெண்களுக்கு மட்டும் என்பதும் முதல் நாளே முடிவானது. வீட்டுக்குள் நடக்கும் தொழில், அந்தத் தெருவில் பல வீடுகளில் பெண்களை ஜிம்முக்கு அனுப்பத் தயங்குவார்கள், இங்கே என்றால் அனுப்புவார்கள். வெளிப்படி இருந்ததால் வருகிறவர்கள் மாமனார் டிவி பார்க்கும் ஹாலைத் தாண்டாமல் நேராக முன்னறைக்கு வர முடிந்தது. வாடகைக்கு வீடு பார்த்தபோது யாரும் இதை யோசிக்கவில்லை, அமைந்துபோனது.

முதல் ஐந்து மாதம்: கவனித்தவை

விளம்பரம் எதுவும் செய்யவில்லை. பள்ளிக்கூட வாசலில் சந்திக்கும் அம்மாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்கள் சொல்லி வந்தவர்கள் என்று அக்டோபருக்குள் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். எட்டுப் பேருமே ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள். அதனால் கட்டணமும் தெரிந்தவர்களுக்கான கட்டணமாக, தனிப்பயிற்சிக்கு மாதம் 3,000 என்று நின்றது. நானும் அந்தச் சமயத்தில் ஒருவரை அனுப்பினேன். அவரும் இவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவராகப் போய்விட்டார்.

நவம்பர் தொடக்கத்தில் அவர் காட்டிய நோட்டில் அக்டோபர் மாதக் கணக்கு இப்படி இருந்தது. எட்டுப் பேருக்குத் தலா 12 வகுப்பு, மொத்தம் 96. நடந்தவை 61. நவராத்திரிக் கொலு, ஆயுத பூஜை, ஒரு முகூர்த்தம், விருந்தாளி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மீதி எல்லாம் போயிற்று. பாதிக்கு மேல், வகுப்பு தொடங்கும் நேரத்துக்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் தகவலே வந்திருக்கிறது. வர வேண்டிய 24,000-ல் மாதக் கடைசிக்குள் வந்தது 13,500. நான்கு பேர் முழுதாகக் கொடுத்தார்கள், ஒருவர் பாதி கொடுத்தார், மற்றவர்கள் "அடுத்த மாசம் சேத்துத் தந்தர்றேன் கண்ணு" என்றார்கள். விட்டுவந்த ஜிம் சம்பளத்தைவிட இது குறைவு.

ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த பெண் வீட்டுக்குப் போய் உடற்பயிற்சி செய்துவிட்டு வருவதை அவர்கள் தொழிலாகவே பார்க்கவில்லை, அவ்வளவுதான். சொல்லப்போனால் இவரும் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்ததும் காபி கொடுத்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். அடுத்தவருக்கான நேரம் அதில் கரையும்.

இன்னொரு பக்கம் கீழ்வீட்டு ஓனரின் புகார். காலை ஐந்தரைக்கு டம்பெல் தரையில் வைக்கும் சத்தம், கேட்டுக்கு எதிரே வரிசையாக ஸ்கூட்டி. வீட்டை வாடகைக்கு விட்டது குடியிருக்க, கடை நடத்த இல்லை என்று சொல்லிவிட்டார். அவரிடம் முன்கூட்டியே யாரும் கேட்டிருக்கவில்லை. அதுவும் "தெரிஞ்ச ஓனர்தானே" என்ற நினைப்புதான்.

நவம்பர் இறுதி: அந்தக் காலை

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா ஒருவர், வயது 58, ஆகஸ்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். சேரும்போது "சுகர் கொஞ்சம் இருக்கு, பெருசா ஒண்ணுமில்ல" என்று சொன்னதோடு சரி. தீபாவளி முடிந்து பார்த்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்ததால், டாக்டர் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்த்து எழுதியிருக்கிறார். இந்த மாற்றம் பயிற்சியாளருக்குத் தெரியாது. அன்று காலை ஐந்தரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு ஆறு மணி வகுப்புக்கு வந்துவிட்டார்.

இருபது நிமிடம் கடந்த பிறகு அதிகமாக வியர்த்தது. கை நடுங்கியது. களைப்பு என்று நினைத்து உட்காரவைத்தார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தபோதுதான் இது வேறு என்று புரிந்திருக்கிறது. மாமனாருக்காக வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது. எடுத்துப் பார்த்தால் 54. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 82. அப்புறம் இட்லி கொடுத்து, மகனை வரச்சொல்லி அனுப்பினார். டாக்டர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொடுத்தார். பெரியம்மாவுக்குப் பின்விளைவு எதுவும் இல்லை.

அன்று நடந்துகொண்ட விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பதினைந்து கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடக் காத்திருப்பு என்ற முதலுதவி முறையை அப்படியே பின்பற்றியிருக்கிறார். குறை இருந்தது மூன்று மாதம் முன்னால், சேர்த்த நாளில். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை இப்படித் தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அப்படியில்லை. வெறும் வயிறும் உழைப்பும் சேர்ந்தால் கடகடவென்று இறங்கும். என்ன மாத்திரை என்று கேட்காமல் பயிற்சி கொடுப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தபோது, "ஜிம்ல ஃபார்ம் இருந்துதுங்க சார், கவுன்டர்லயே கையெழுத்து வாங்கிருவாங்க. இங்க பக்கத்து வீட்டுப் பெரியம்மாகிட்ட போய் ஃபார்மை நீட்டினா என்ன நினைப்பாங்க?" என்றார். பாக்கிப் பணத்தைக் கேட்கத் தயங்கியதற்கும், ஓனரிடம் பேசாமல் இருந்ததற்கும் அடியில் இருந்தது இதே கூச்சம்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிசம்பர் முழுக்கப் புதிதாக யாரையும் சேர்க்காமல் விதிகளை எழுதினார். முதலில் உடல்நிலைக் கேள்விகள். பயிற்சியாளர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் பார்-க்யூ படிவத்தில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் ஏழு கேள்விகள் உண்டு: இதய நோய், நெஞ்சு வலி, தலைசுற்றல், மூட்டுக் கோளாறு, மருந்துகள் இந்த மாதிரி. அதை அடிப்படையாக வைத்துத் தமிழில் ஒரு பக்கம் தயாரித்தோம். தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லாமல், உட்காரவைத்துப் பேச்சுவாக்கில் கேட்டு இவரே எழுதுவது என்று வைத்தோம். நெஞ்சு வலி உண்டா என்றால் இல்லை என்பவர்கள், படி ஏறும்போது கேஸ் பிடித்துக்கொள்கிறது என்பார்கள். நேரில் பேசினால்தான் அது வெளியே வரும். மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பெயரை எழுதிக்கொள்வது, மருந்து மாறினால் அன்றே சொல்ல வேண்டும் என்பது, ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வருவது என்று மூன்று நிபந்தனைகள். ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கினார். ஓய்வில் 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்கு மகப்பேறு மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் சேர்க்கை. வயிற்றுத் தசை விலகியிருப்பவர்களுக்கு, தொப்பை குறைய வேண்டும் என்று எவ்வளவு கேட்டாலும் கிரஞ்ச் (மல்லாந்து படுத்து மேலுடலைத் தூக்கும் பயிற்சி) கிடையாது.

பெரியம்மாவிடமே முதலில் போய்க் கேள்விகளைக் கேட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதை மொதல்லயே கேட்டிருக்கலாமே அம்மணி" என்றாராம்.

அடுத்தது பணம். தனிப்பயிற்சி 4,500. தயங்குகிறவர்களுக்கு மூன்று பேர் சேர்ந்த பேட்ச், தலைக்கு 2,000. ஒரு மணி நேரத்தில் பேட்ச்சால் வருவது தனிப்பயிற்சியைவிட அதிகம், பணம் கட்டுபவருக்கும் சுமை குறைவு. மாதம் ஐந்தாம் தேதிக்குள் முன்பணமாகக் கட்ட வேண்டும். 12 வகுப்பை ஐந்து வாரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். வர முடியாவிட்டால் முந்தின இரவு எட்டு மணிக்குள் சொன்னால் வேறு நாள் தருவார், அதற்குப் பிறகு சொன்னால் அந்த வகுப்பு கழிந்தது. மருத்துவமனை, துக்கம் இரண்டுக்கு மட்டும் விலக்கு. மாதவிடாய் நாளில் ரத்து செய்யாமல் லேசான பயிற்சிக்கு வரலாம் என்றதும், போய்க்கொண்டிருந்த பல வகுப்புகள் மீண்டன. கறார் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளில் அவரிடம் இருப்பது ஆறு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். போன மணி நேரத்தை யாருக்கும் திரும்ப விற்க முடியாது.

ஓனரிடம் நேரில் போய்ப் பேசினார். வாடகையில் 1,500 கூட்டிக்கொண்டு எழுத்தில் சம்மதம் கொடுத்தார். பதிலுக்கு, மேட்டை இரண்டு அடுக்காகப் போடுவது, ஏழு மணிக்கு முன் குதிக்கும் பயிற்சி இல்லை, வண்டிகள் தெருமுனையில் என்று இவர் ஒப்புக்கொண்டார். கணவர் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கும் வாரங்களில் பாட்டும் கிடையாது.

தொழிலைப் பதிய, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுத் தளமான உத்யம் இணையதளத்துக்குப் போனவர், அதே மாதிரி தோற்றமுள்ள ஒரு தனியார் தளத்தில் 2,000 ரூபாய் கட்டும் கட்டம் வரை போய்விட்டார். 2020 ஜூலையில் இருந்து நடப்பில் உள்ள உத்யம் பதிவுக்கு அரசு கட்டணமே வாங்குவதில்லை. ஆதாரும் பான் எண்ணும் போதும். வீட்டுக் கணக்கில் கலக்காமல் இருக்கத் தனி வங்கிக் கணக்கும், அதற்கு ஒரு க்யூஆர் அட்டையும் வந்தன. அட்டை சுவரில் ஏறியதும் பணம் கேட்கும் வேலையில் பாதி குறைந்துவிட்டது என்றார்.

புரோட்டீன் பவுடர் விற்றால் கமிஷன் என்று ஒருவர் வந்தபோது வேண்டாம் என்றார். உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும் என்பது ஒரு காரணம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் டப்பாவை விற்றுவிட்டு அப்புறம் உடல்நிலையைக் கேட்பது முடியாது என்பது பெரிய காரணம்.

பிறகு நடந்தது

எட்டில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் "காசு பாக்க ஆரம்பிச்சுட்டா" என்று பள்ளிக்கூட வாசலில் சொன்னது இவர் காதுக்கும் வந்தது. சில நாள் அந்தப் பக்கம் போகவே கஷ்டப்பட்டார். பாக்கித் தொகையில் ஒரு பகுதி வரவேயில்லை.

2024 ஜனவரியில் இருந்தது ஐந்து பேர்: இருவர் தனியாக, மூவர் பேட்ச்சில். வரவு 15,000. அக்டோபரில் எட்டுப் பேரிடம் 61 வகுப்பு எடுத்து வந்தது 13,500. இப்போது 36 வகுப்புக்கு 15,000, அதுவும் மாதத் தொடக்கத்திலேயே. மிச்ச நேரத்தில் புதிதாக ஆள் சேர்க்க முடிந்தது. கேள்வித்தாளைப் பார்த்த ஒரு மகப்பேறு மருத்துவரும் ஆட்களை அனுப்பத் தொடங்கினார். விசாரித்துச் சேர்க்கிறார் என்பதால் எனக்கும் தயக்கமில்லாமல் அனுப்ப முடிந்தது. புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள். அவர்களுக்கு இந்த விதிகள் வித்தியாசமாகவே படவில்லை.

2024 இறுதியில் 17 பேர். தனிப்பயிற்சி ஐந்து பேர், மூன்று மூன்று பேராக நான்கு பேட்ச். வரவு 46,500, வாரத்துக்கு 27 மணி நேர வேலை. கூடுதல் வாடகை, மின்சாரம், ரெசிஸ்டன்ஸ் பேண்ட் மாற்றுவது எல்லாம் சேர்த்துச் செலவு 6,000-க்குள். மே மாதம் மட்டும் பாதியாகக் குறையும், லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அதைத் தடுக்க முதல் வருடம் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. இப்போது மே இரண்டாம் பாதியில் அவரும் விடுமுறை எடுத்துக்கொள்கிறார்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. 2024 ஆகஸ்டில் முழங்கால் வலியோடு அவரே என்னிடம் வந்தார். ஒவ்வொரு வகுப்பிலும் ஸ்குவாட், லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) எல்லாவற்றையும் கூடவே சேர்ந்து செய்துகாட்டியதன் விளைவு. ஜிம்மில் நடுவில் இடைவெளி இருந்தது, இங்கே இல்லை. ஒரு அசைவை ஒரு தடவை மட்டும் செய்துகாட்டுவது, அப்புறம் வாயால் திருத்துவது, தன் பயிற்சியை வாரம் இரண்டு நாள் தனியாகச் செய்வது என்று மாற்றிய பிறகு ஆறேழு வாரத்தில் சரியானது. நின்றுகொண்டு பார்ப்பதால் மற்றவர்களின் தவறுகளும் இப்போதுதான் நன்றாகக் கண்ணில் படுகின்றன என்றார்.

மறுபடி தொடங்கினால் மாற்றுவது

அவரிடம் கேட்டபோது முதலில் சொன்னது கேள்வித்தாள் இல்லை, கட்டணம். குறைந்த கட்டணத்தில் சேர்த்தவர்களிடம் பின்னால் உயர்த்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்ததாம். முதல் மாதம் தெரிந்தவர்களுக்கு வேண்டுமானால் இலவசமாகக் கொடுத்திருப்பேன், ஆனால் பாதி விலை வைத்திருக்க மாட்டேன் என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். இலவசம் என்றால் ஒரு நாள் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும், பாதி விலை அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

என் தரப்பில் சொல்வதென்றால், உடல்நிலைக் கேள்விகளும் மாத்திரைப் பட்டியலும் முதல் ஆள் சேரும் முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும். குளுக்கோமீட்டர் அன்று வீட்டில் இருந்தது மாமனார் புண்ணியத்தில். இப்போது பயிற்சி அறைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு டப்பாவில் சர்க்கரையும். ஓனரிடம் பேசுவதும் டம்பெல் வாங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. யாருக்காவது அடிபட்டால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு மட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை.

2025 தீபாவளிக்குப் பிறகு, காத்திருப்போர் பட்டியலில் ஐந்து பேர் இருந்ததால் தனியாக ஒரு இடம் பார்க்கலாமா என்று கணக்குப் போட்டார். ஜிஎஸ்டி அதில் தடையாக இல்லை. ஆண்டு வரவு சேவைத் தொழிலுக்கான 20 லட்சம் வரம்புக்கு மிகக் கீழே. வரம்பைத் தாண்டினாலும், 2025 செப்டம்பர் 22 முதல் உடற்பயிற்சிக் கூடங்களுக்கான வரி 18-ல் இருந்து 5 சதவீதமாகிவிட்டது. தடை வாடகையும் அட்வான்ஸும்தான். பார்த்த இடங்களுக்குக் கேட்ட வாடகையைக் கட்ட வாரத்துக்கு இன்னும் மூன்று பேட்ச் எடுக்க வேண்டும், அதற்கு மாலை நேரம் முழுக்கப் போய்விடும். மாலை வீட்டில் இருக்கத்தானே ஜிம்மை விட்டோம் என்று அந்த யோசனையைக் கைவிட்டார். ஐந்து பேரில் இருவர் காலை பத்து மணி பேட்ச்சுக்கு ஒத்துக்கொண்டார்கள், மற்ற மூவரிடம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். அதில் ஒருவர் அவருடைய சித்தி மகள்.